பேய்ப் படத்தை ஓடிடியில் விற்றுத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு பேய்க் கதையைச் சொந்தக் காசில் எடுத்து, ஒரே ஆந்தாலஜி படமாகச் சேர்த்தோம். சுமாராகத்தான் வந்திருக்கிறது. பல இடங்களில் வசனமே கேட்கவில்லை. 75,000 ரூபாய் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் ஓடிடியில் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படத்தை வாங்குகிறவர் பணம் தருவார், கேட்க மாட்டார். இந்த இடைத்தரகர்கள் பெயரே தெரியாத ஒரு ஆப்பில் படத்தைப் போட்டுவிட்டு லிங்க் அனுப்புவார்கள், அத்தோடு சரி. கேட்டால் ‘ஓடிடிதானே கேட்டீர்கள்?’ என்பார்கள். நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளம் ஏற்கெனவே தொடர்பில் உள்ள ஏஜென்ட், தயாரிப்பாளர் வழியாக வராத படத்தைப் பார்ப்பதே இல்லை. புதியவன் எந்தக் கதவைத் தட்டுவது? இப்படி வாசலை அடைத்து வைத்திருப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

பணத்தைவிட அந்தக் கையெழுத்துதான் ஆபத்து. ‘எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ உரிமையை எழுதித் தருவதாக ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதன் கீழே இன்னொரு வரியையும் தேடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 19(4) பிரிவின்படி, உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அதனால் ‘19(4) பொருந்தாது’ என்று பொடி எழுத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வரி இருந்தால் படம் பல வருடம் அவர் ஹார்ட் டிஸ்கில் தூங்கினாலும் உரிமை தானாகத் திரும்பி வராது. யாரிடம் கையெழுத்துப் போட்டாலும் முதலில் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முழுப் படத்தையும் விற்க முடியாது. அவரவர் பொறுப்பில் எடுத்த கதைக்கு அவரவரே தயாரிப்பாளர், உரிமையும் அவருடையதே. மூன்று நண்பர்களிடமும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும், யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் எழுதிவிடுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டால்தான் பின்னால் கெடும்.

சென்சார் பற்றி இப்போது கவலை வேண்டாம். ஓடிடிக்கு அது கட்டாயமில்லை. தியேட்டருக்குப் போனால்தான் சான்றிதழ் வேண்டும்.

தரகருக்கு வைத்திருந்த பணத்தில் வசனத்தை டப்பிங் செய்யுங்கள். பேய்ப் படத்தில் பாதி பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. படம் மங்கலாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு காதில் விழாவிட்டால் அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள். நல்ல தளங்களில் தொழில்நுட்பப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. டப்பிங் முடித்ததும், இணையத்தில் இலவசம் என்று எடுத்த அலறல், கதவுச் சத்தம் ஒவ்வொன்றின் உரிம விவரத்தையும் திறந்து பாருங்கள். ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்றிருந்தால் அதைத் தூக்கிவிட்டு நீங்களே பதிவு செய்யுங்கள்.