லேபர் வார்டில் ஒருவருக்குத்தான் அனுமதி: கணவரா, டூலாவா?

டூலா என்பவர் பிரசவத்தின்போது உடனிருந்து தைரியமும் உதவியும் தரும் பயிற்சி பெற்ற துணை. ஒருவர்தான் என்று மருத்துவமனை உறுதியாகச் சொன்னால், வலி வரும்போது யார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தைரியமோ அவரே இருக்கட்டும். தாய் விரும்பும் துணையைத்தான் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. தொடர்ந்து துணை இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுவதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மணிக்கணக்கில் இடுப்பை அழுத்திவிடவும் தண்ணீர் கொடுக்கவும் ஓர் ஆள் நிச்சயம் வேண்டும்.

இரண்டாவது ஆளை மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திரை மட்டும் போட்ட பொது வார்டாக இருக்கும். தனி அறை உண்டா என்று 36ஆம் வாரத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம், இருவரும் மாறி மாறி இருக்கலாம் என டாக்டரிடம் ஃபைலில் எழுதி வாங்குங்கள். இரவு டியூட்டியில் இருப்பவர் அதைத்தான் பார்ப்பார்.

டூலா உள்பரிசோதனை செய்யக்கூடாது. அவசர சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் யாரையும் விடாமலும் போகலாம்.