கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் பழைய கிரெடிட் கார்டு பாக்கியை என்ன செய்வது?

பத்து ஆண்டுகளுக்கு முன் கட்டாமல் விட்ட கார்டு பாக்கி ஒன்று இருக்கிறது, அடுத்த ஆண்டு மகனுக்குக் கல்விக்கடன் கேட்கவேண்டும், வங்கியே மறந்துவிட்ட கணக்கைக் கிளறாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். வங்கி அதை மறந்திருக்காது. கடன் மகன் பெயரில்தானே, நம் பழைய கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை என்றாலும், தாயோ தந்தையோ இணைக்கடனாளியாகக் கையெழுத்திடவேண்டும். அந்தக் கையெழுத்துக்கு உரியவரின் கடன் வரலாற்றை வங்கி பார்க்கும்.

என் கதையைச் சொல்கிறேன். 2010-இல் முப்பதாயிரம் ரூபாய் வரம்புள்ள கார்டு ஒன்று வாங்கினேன். தந்தையின் மருத்துவச் செலவுக்காக அதை முழுவதும் தேய்த்துவிட்டு, மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தேன். வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு நாற்பத்திரண்டு சதவீதம் என்பதை அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நடுவில் சம்பளம் தடைப்பட்டபோது அதையும் கட்ட முடியாமல் போக, 2013-இல் பாக்கி அறுபத்தெட்டாயிரமாக வளர்ந்திருந்தது. வசூலுக்கு வந்தவர், முப்பத்திரண்டாயிரம் கட்டினால் செட்டில்மென்ட் கடிதம் தருவதாகவும் அத்துடன் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொன்னார். கடன் வாங்கிக் கட்டினேன். கடிதத்தைப் பீரோவில் வீட்டுப் பத்திரத்துடன் வைத்துவிட்டு, ஒன்பது ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன்.

2022-இல் மகளுக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்ததும், இருவரும் வேறொரு வங்கிக் கிளைக்குச் சென்றோம். மேலாளர் கணினித் திரையை எங்கள் பக்கமாகத் திருப்பி, என் கடன் அறிக்கையில், அதாவது நான் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவில், என் பெயரின்கீழ் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் கார்டு கணக்கின் எதிரே ‘செட்டில்டு’ என்று இருந்தது. என் மகள் அதை எனக்கு முன்பே படித்துவிட்டு, “அப்பா, கட்டி முடித்ததாகத்தானே போட்டிருக்கிறது?” என்று கேட்டாள். மேலாளர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்: “முழுவதும் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று வரும். இது, கொடுக்கவேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்து முடித்தது என்று பொருள்.” அவர் மரியாதையாகவே பேசினார். ஆனாலும் மகளின் பக்கம் திரும்ப என்னால் முடியவில்லை.

செட்டில்மென்ட் என்பதற்கு இப்படி ஒரு பின்விளைவு உண்டு என்று வசூலுக்கு வந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்னும் ஆறு மாதம் அவகாசம் கேட்டு முழுவதையும் கட்டியிருப்பேன் என்பதே என் தீராத ஆதங்கம். அன்று வங்கி விட்டுக்கொடுத்த முப்பத்தாறாயிரத்தை இப்போது கட்டுகிறேன், கணக்கை முழுமையாக முடித்ததாக அறிக்கையில் மாற்றுங்கள் என்று கார்டு கொடுத்த வங்கிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். எழுத்தில் சம்மதம் வந்த பிறகே பணம் கட்டினேன். இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தரும் தடையில்லாச் சான்று கைக்கு வரப் பதினெட்டு நாள், அறிக்கையில் திருத்தம் தெரிய மேலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கல்லூரியின் கெடு வந்துவிட்டதால், முதல் பருவக் கட்டணத்தை மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். அதன் பிறகுதான் கடன் கிடைத்தது.

ஆகவே உங்களுக்கு இருக்கும் இந்த ஓராண்டு பெரிய அனுகூலம். முதலில் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒன்றில் இல்லாத பதிவு மற்றொன்றில் இருக்கக்கூடும் என்பதால் நான்கையும் பாருங்கள். அறிக்கை தரும் கடன் மதிப்பெண் 300-க்கும் 900-க்கும் இடையில் எங்கே இருக்கிறது என்பதைவிட, அந்தக் கார்டு கணக்கின் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பிறகு கார்டு கொடுத்த வங்கியிடம் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வட்டியையும் அபராதத்தையும் குறைக்கச் சொல்லிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் கணக்கு ‘குளோஸ்டு’ என்றே பதிவாகும் என்ற உறுதி கடிதத்தில் இல்லாவிட்டால், தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணம் கட்டிய பிறகும் பதிவு மாறவில்லை என்றால் அறிக்கை தந்த நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. என் காலத்தில் அது இல்லை.

மூன்று ஆண்டு கடந்த கடனுக்கு வழக்குப் போட முடியாது, பிறகு ஏன் கட்டவேண்டும் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் நீதிமன்ற வழக்கைத்தான் தடுக்கிறது, அறிக்கையில் உள்ள வரியை அழிப்பதில்லை. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மாணவரின் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னதையும் நான் அறிவேன், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் கட்டணக் கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது எத்தனை பெற்றோரால் நீதிமன்றத்துக்குப் போக முடியும்? கடனைக் கட்டாதவன் பிறருக்கு வழி சொல்வதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் சட்டம் படித்தவன் அல்லன், எனக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறேன்.

அறிக்கைகளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். தடையில்லாச் சான்று வந்ததும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உங்கள் மகனிடமே கொடுத்து வையுங்கள். விண்ணப்பத்துடன் அதையும் இணைத்துக் கொடுக்கவேண்டியவர் அவர்தான்.