சவுக்கா, பிளாஸ்டிக்கா, தொட்டிச் செடியா?

கேள்வி: பெரம்பூர்ல மூணாவது மாடியில இருக்கோம், சின்ன ஹால். கிறிஸ்துமஸ் ட்ரீ விஷயத்துல வீட்டுக்குள்ளயே மூணு கட்சி. பாரிமுனையில ஒரு பிளாஸ்டிக் ட்ரீ வாங்கிட்டா பல வருஷத்துக்கு கவலையே இல்லைங்கறார் வீட்டுக்காரர். சவுக்கு வெச்சாதான் கிறிஸ்துமஸ்ங்கறாங்க மாமியார். மரத்தை வெட்டுறது பாவம், தொட்டியோட உயிருள்ளதா வாங்கலாம்ங்கறா காலேஜ் போற பொண்ணு. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க.
- வாசகி, பெரம்பூர்

பதில்: என் ஓட்டு மாமியாருக்குங்க. ஒரே ஒரு கண்டிஷன், டிசம்பர் 20க்கு முன்னாடி வாங்கக்கூடாது.

பொண்ணு சொல்ற பாவக் கணக்க முதல்ல பாத்துடுவோம். சவுக்கு ஒண்ணும் காட்டுக்குள்ள போய் வெட்டிட்டு வர்ற மரம் இல்ல, கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு பக்கமெல்லாம் நட்டு வளர்த்து மூணு நாலு வருஷத்துல வெட்டுற பயிர், கட்டை பேப்பர் மில்லுக்கும் சாரம் கட்டவும் பந்தல் கால் நடவும் போயிடும், அதுல நம்ம ஹாலுக்கு வர்றது நுனியும் பக்கக் கிளையும்தான். வெறும் மணல்ல கூட இது வளர்றதுக்கு காரணம் வேர்ல குடியிருக்கிற ஒரு நுண்ணுயிர், காத்துல இருக்கிற நைட்ரஜனை இழுத்து மரத்துக்கு குடுக்கும். அதனால சவுக்கு வாங்கினா காடு அழியுமோன்னு பொண்ணு கவலைப்பட வேண்டாம்.

பிரிட்டன்ல கார்பன் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு போட்ட கணக்கு இருக்கு. ரெண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் ஒண்ணுக்கு சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமமான வாயு காத்துல கலக்குது. அதே உசரத்துல வெட்டின மரம் குப்பைமேட்டுல போய் காத்து படாம மக்கினா மீத்தேன் வரும், அதையும் சேர்த்து 16 கிலோ. தூளாக்கி மண்ணுல போட்டாலோ எரிச்சாலோ வெறும் 3.5. அது அவங்க ஊர் மரத்துக்கு போட்டது, நம்ம சவுக்குக்கு அப்படியே பொருந்தாதுதான், ஆனா பிளாஸ்டிக் மரத்தை பத்து வருஷமாவது வெச்சிருந்தாதான் கட்டுப்படி ஆகும்ங்கறது அவங்க கணக்கு. வீட்டுக்காரர் கிட்ட கேளுங்க, பத்து வருஷம் அதை எந்த லாஃப்ட்ல வெப்பார்னு. ஏற்கனவே வீட்ல ஒண்ணு வெச்சிருக்கிறவங்க சவுக்குக்கு மாற வேண்டாம், இருக்கிறதையே தொடர்ந்து யூஸ் பண்ணுங்க, எடுத்ததும் மொட்டை மாடியில வெச்சு ஈரத்துணியால துடைங்க, ஒரு வருஷத்து தூசி மொத்தமும் அதுல இருக்கும், வீசிங் இருக்கிற பிள்ளைங்களுக்கு ஆகாது. புதுசாத்தான் வாங்கியே ஆகணும்னா ஸ்டாண்டு இரும்பான்னு பாருங்க, பிளாஸ்டிக் கால் வெச்சது குழந்தை கை பட்டாலே சாயும்.

சரி, சவுக்குக்கு வருவோம். ஏன் 20ன்னு சொல்றேன்னா, ஊசி இலைன்னு நாம சொல்றது இலையே இல்ல, கணு கணுவா கோத்த மெல்லிசு குச்சி, நிஜ இலை அந்தக் கணுவுல கண்ணுக்கே தெரியாத செதிலா ஒட்டிக்கிட்டிருக்கும். சின்ன வயசுல அதை பிச்சுட்டு திரும்ப சொருகி "எங்க பிச்சேன் சொல்லு"ன்னு விளையாடினவங்களுக்கு நல்லா தெரியும். காஞ்சா அந்தக் கணுவுலதான் கழண்டு வீடு பூரா துண்டு துண்டா கொட்டும். டிசம்பர் ஆரம்பத்துல ஸ்டார் கட்டுற அன்னிக்கே மரத்தையும் நட்டுட்டா கேரல் ரவுண்ட்ஸ் வர்ற நேரத்துல குச்சிதான் நிக்கும், பெருக்கி மாளாது. வாங்கிட்டு வந்ததும் அடியில ஒரு இன்ச் அறுத்துட்டு, பக்கெட்ல மணலும் ரெண்டு செங்கல்லும் போட்டு இறுக்கி நட்டு, மணல் காயாம தண்ணி ஊத்துங்க. அஞ்சடி போதும், அதுக்கு மேல போனா படிக்கட்டு திருப்பத்துல மாட்டிக்கிட்டு நீங்க கத்த வேண்டி வரும். பனின்னு சொல்லி பஞ்சு ஒட்டுறதை மட்டும் விட்டுடுங்க, காஞ்ச சவுக்கு எப்படி பத்திக்கும்னு விறகடுப்பு எரிச்சவங்கள கேளுங்க. சூடாகுற பழைய சீரியல் பல்பு வேண்டாம், எல்இடி போடுங்க, தூங்கும்போது ஆஃப் பண்ணிடுங்க. ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சதும் கழட்டி, உதிர்ந்ததை செடித் தொட்டிங்களுக்கு மூடாக்கா போடுங்க, கட்டையை விறகடுப்பு வெச்சிருக்கிறவங்க யாருக்காவது குடுங்க. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு எதுவும் போக வேண்டாம்.

கேள்வி: போன வருஷம் நர்சரியில கிறிஸ்துமஸ் ட்ரீன்னு சொல்லி குடுத்த செடி, ஹால்ல ஏசிக்கு கீழ வெச்சிருக்கேன் சார். அடிக் கிளை ஒண்ணொண்ணா காஞ்சு விழுது. நுனியை வெட்டி விட்டா அடர்த்தியா வருமா?
- வாசகர், சாந்தோம்

பதில்: ஐயையோ, கத்திரியை கீழ வைங்க முதல்ல. அது அரக்கேரியா, பசிபிக் கடல்ல நார்ஃபோக், நியூ கலிடோனியா தீவுகள்ல இருந்து வந்த குடும்பம். நுனியை வெட்டினா அந்த கோபுர ஷேப் போச்சு, விழுந்த அடிக் கிளையும் திரும்ப முளைக்காது, இருக்கிறதை காப்பாத்திக்கிறதுதான் வழி. ஏசி காத்துதான் உங்க வில்லன். வெளிச்சம் நல்லா விழுற பால்கனிக்கு மாத்துங்க, ஆனா ஒரே நாள்ல உச்சி வெயில்ல வெச்சா கருகிடும், கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. உப்புக் காத்தை தாங்குற மரம்ங்கறதால சாந்தோம் அதுக்கு சரியான இடம்தான். டிசம்பர் மழையில தொட்டி ஓட்டை அடைச்சு தண்ணி தேங்கினா வேர் அழுகிடும், அப்பப்போ ஒரு குச்சி விட்டு பாருங்க. ஹாலுக்குள்ள ஒரு வாரம் பத்து நாள் விருந்தாளியா வந்துட்டு போகட்டும். கிளை மெலிசு, கனமான மணியெல்லாம் தொங்க விடாதீங்க.

பாசத்துல காம்பவுண்ட் ஓரமா மண்ணுல மட்டும் வெச்சுடாதீங்க. சொந்த ஊர்ல 50 மீட்டருக்கு வளர்ற ஜாதி அது, இங்கயும் மாடி வீட்டை தாண்டி நிக்கிறதை பாத்திருப்பீங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல சென்னையில மரங்க ரோட்டுல படுத்த கோலம் ஞாபகம் இருக்கும்ல, நம்ம புயல் சீசனும் கிறிஸ்துமஸ் சீசனும் ஒண்ணுதான்.

கேள்வி: பழைய பிளாஸ்டிக் ட்ரீ பாதி உதிர்ந்து போச்சு. போகியில போட்டு கொளுத்திடலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம்மா. அது பெரும்பாலும் பிவிசி, எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும்தான் புகையா வரும், அன்னிக்கு காலையில தெருவே மூச்சு விட முடியாம இருக்கும். நல்லா இருக்கிற கிளையை கழட்டி வளையமா முறுக்கினா வாசக்கதவுக்கு ஒரு ரீத் ஆகும். இரும்புக் கம்பியும் ஸ்டாண்டும் காயலான் கடைக்கு, மீதி பச்சை மட்டும் உலர் குப்பையில தனியா கட்டி போடுங்க.