வாசகர் கேள்வி பதில்: கடைசி நாட்களும் கடன் கொப்பியும்

கேள்வி: என் கணவர் யூடியூப்பில் ஒரு தேவ ஊழியரின் செய்திகளைக் கேட்டுக் கேட்டு, இந்த வருஷத்துக்குள் கர்த்தர் வந்துவிடுவார் என்று உறுதியாக இருக்கிறார். பெரும்போகத்துக்கு வயல் விதைக்கவில்லை. என் பெயரில் எடுத்த நுண்கடனையும் இனிக் கட்டத் தேவையில்லை என்கிறார். எதிர்த்துப் பேசினால் எனக்கு விசுவாசம் இல்லையாம். என்ன செய்வது?
— ஒரு சகோதரி, படுவான்கரை

பதில்: தங்கச்சி, உங்கள் விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும், குமாரனுக்கும் தெரியாது என்று மாற்கு 13:32இல் இயேசுவே சொல்லியிருக்க, கமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது.

இது புதுக் கதையும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் கர்த்தர் வரும் நாள் என்று 1844 ஒக்டோபர் 22ஐக் குறித்துவைத்துக் காத்திருந்தார்கள், விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள். 23ஆம் திகதி வழக்கம்போல் விடிந்தது. பிறகு 2011இல் ஹரோல்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் மே 21 என்றார், அது போனதும் ஒக்டோபர் 21 என்றார். சேமிப்பை எல்லாம் அந்த விளம்பரத்துக்குக் கொட்டியவர்களும் உண்டு.

சரி, கடனுக்கு வருவோம். ரோமர் 13ஐ உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இரவு சென்றுபோயிற்று, பகல் சமீபமாயிற்று என்று பவுல் சொல்வது 12ஆம் வசனத்தில். ஒருவருக்கும் ஒன்றிலும் கடன்படாதிருங்கள் என்பது 8ஆம் வசனத்தில். அதே அதிகாரம், நாலு வசனம்தான் இடைவெளி. கர்த்தர் நாளைக்கே வருகிறார் என்றால் இன்றைக்கே கட்டி முடிக்கவேண்டியது தானே கடன்? அதோடு, நீங்கள் எடுத்தது குழுக் கடனாக இருந்தால், நீங்கள் கட்டாத தவணை அந்தக் குழுவில் உங்களோடு கையெழுத்து வைத்த மற்றப் பெண்களின் தலையில் விழும். கிழமைக் கூட்டத்தில் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள். அந்த ஊழியர் வந்து கட்டமாட்டார்.

வயலும் அப்படித்தான். விவசாயிகளின் ஆரம்பக் கூட்டத்தில் திகதி வைத்து, குளத்துத் தண்ணீர் திறந்து, வட்டை (வயல்வெளி) முழுக்க ஒன்றாக விதைக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு தரிசாகக் கிடந்தால் புல் முளைத்து எலி குடியேறிவிடும், வரம்பைக் கவனிக்க ஆள் இருக்காது, வரம்பில் தண்ணீர் விடுகிற வக்கடையை அடைக்கவும் திறக்கவும் ஆள் இருக்காது, நட்டம் பக்கத்து வயல்காரருக்கு. அவர் ஒருவேளை பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவராக இருப்பார். இயேசு வருகிறார் என்று நீங்கள் அவருக்குச் சொன்ன ஒரே சாட்சி அந்த எலிதான் என்றால் அவர் என்ன நினைப்பார்?

பவுல் காலத்துத் தெசலோனிக்கேயா பட்டணத்துச் சபையிலும் இதே சிக்கல் இருந்ததாகத் தெரிகிறது. நாள் வந்துவிட்டது என்று கலங்கியவர்களும், வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தவர்களும் ஒரே சபைக்குள். பவுல் அவர்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணவில்லை, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று முகத்துக்கு நேரே எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3:10). உங்கள் கணவரைப் பட்டினி போடச் சொல்லவில்லை! ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம், அவர் மதிக்கிற ஒரு மூத்த விசுவாசியையோ போதகரையோ வீட்டுக்கு அழைத்துப் பேச வையுங்கள். வயலைக் குத்தகைக்குக் கேட்பவர் இருந்தால் இந்தப் போகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தவணையை மட்டும் எப்படியாவது தவறவிடாதீர்கள்.

கேள்வி: சுனாமியும் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் கடைசிக்கால நியாயத்தீர்ப்பு என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் பேசினார். உண்மையா?
— கல்லடி வாசகர்

பதில்: அப்படிப் பேசியவர் லூக்கா 13ஐத் திரும்ப வாசிக்கவேண்டும். அங்கே இயேசுவிடம் கொண்டுவரப்பட்ட செய்தி, பலி செலுத்திய இடத்திலேயே பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றியது. வழிபாட்டு நேரத்தில் கொலை. அதற்கு அவரே இன்னொன்றைச் சேர்க்கிறார்: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளையும், 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோனவர்களையும் பற்றி இதைவிட அதிகமாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. மனந்திரும்புங்கள் என்று இயேசு அங்கே சொன்னது செத்தவர்களின் வீட்டாருக்கு இல்லை, அந்தச் செய்தியைக் கொண்டுவந்து நின்றவர்களுக்கு. யுத்தங்களும் பூமியதிர்ச்சிகளும் வரும், ஆனால் முடிவு உடனே வராது என்றும் சொன்னவர் அவர்தான் (மத்தேயு 24:6-8). 1978 நவம்பர் 23 சூறாவளியை அனுபவித்த பெரியவர்கள் உங்கள் பகுதியில் இன்னும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், உலகம் முடிந்தது என்றுதான் அன்றிரவு அவர்களும் நினைத்திருப்பார்கள்.

கேள்வி: சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது கடைசிக்கால உபத்திரவ காலத்துக்கு முன்னா, பின்னா?
— கல்முனை வாலிபர் ஒருவர்

பதில்: தம்பி, சபைகள் இதில் ஒத்துப்போவதில்லை. முன்னே என்கிற போதனையை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பினார், 1909இல் விளக்கக் குறிப்புகளோடு வந்த ஸ்கோபீல்ட் வேதாகமம் அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதற்கு முந்தின நூற்றாண்டுகளின் விசுவாசிகள் இந்த அட்டவணை இல்லாமலே காத்திருந்தார்கள். வாலிபர் கூட்டத்தை இரண்டாக உடைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: மகளுக்கு 15 வயது, பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கவேண்டும். கியூஆர், பார்கோடு எல்லாம் 666 என்று மாமி தடுக்கிறா.
— அக்கரைப்பற்று

பதில்: அக்கா, 2022இல் பெட்ரோலுக்கு கியூஆர் கொடுத்தபோது போதகர்மாரும் அதைக் காட்டித்தானே அடித்தார்கள்? 666 என்ற இலக்கம் வருகிற வெளிப்படுத்தல் 13இல் அந்த முத்திரை மிருகத்தை வணங்குகிறவர்களுக்கு உரியது. யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே கேள்வி, அடையாள அட்டை விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் இருக்கிறது, அதை யாரும் பார்கோடு என்று சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பாடசாலையிலோ கிராம சேவகரிடமோ இந்தக் கிழமையே கொடுங்கள், கடைசி நேரத்தில் ஓடினால் பரீட்சைக்கு முன் அட்டை வராது. மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவவும் ஒரு காலத்தில் அங்கே போய்த்தான் அட்டை எடுத்திருப்பா.