நீலப்புள்ளித் திருக்கை: படத்தின் கீழே எந்தப் பெயரை எழுதுவது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "கண்காட்சிக்கு நீலப்புள்ளித் திருக்கையின் படம் ஒட்டுகிறோம். விஞ்ஞானப் பெயர் பழைய புத்தகத்தில் ராஜா லிம்மா, புதியதில் டேனியூரா லிம்மா. அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் போர்ஸ்கால், 1775 என்றும் இருக்கிறது. எதை எழுத? அடைப்புக்குறி வேண்டுமா?"

டேனியூரா லிம்மா என்றே எழுதுங்கள் டீச்சர். அடைப்புக்குறியையும் அப்படியே விடுங்கள், இந்த மீனின் கதையே அதற்குள்தான் இருக்கிறது.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் பீட்டர் போர்ஸ்கால் செங்கடல் பக்கம் போய் இந்த மீனை விவரித்து எழுதி வைத்துவிட்டு, 1763இல் யேமனில் மலேரியாவில் இறந்துபோனார். கூடப் போனவர்களில் உயிரோடு திரும்பிய ஒரே ஆள் கார்ஸ்டன் நீபூர். அவர்தான் அந்தக் குறிப்புகளை 1775இல் அச்சில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் திருக்கை என்றால் பெரும்பாலும் எல்லாமே ராஜா என்ற ஒரே சாதிக்குள்தான் (சாதி என்றால் நெருங்கிய இனங்களின் தொகுதி, ஆங்கிலத்தில் genus; பெயரின் முதற்சொல் அதுதான்), அதனால் இதுவும் ராஜா லிம்மா ஆனது. பிறகு 1837இல் முல்லர், ஹென்லே என்ற விலங்கியலாளர்கள் இருவரும் டேனியூரா என்ற சாதியை உண்டாக்க, இந்த இனம் அங்கே போய்ச் சேர்ந்தது. டேனியூரா என்றால் நாடா போன்ற வால் என்று அர்த்தம். இப்படி முதலில் வைத்த சாதியிலிருந்து ஓர் இனம் வேறு சாதிக்கு மாறினால், முதலில் பெயரிட்டவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. மாறாத இனத்துக்கு அடைப்புக்குறி கிடையாது.

ஆனால் பெயர் எழுதுவதற்கு முன் படத்தை நன்றாகப் பாருங்கள், ஏனென்றால் நீலப்புள்ளி உள்ள திருக்கை இது ஒன்று மட்டும் இல்லை, இணையத்தில் படம் எடுக்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உடல் நீள்வட்டமாக, வாலின் இரு பக்கமும் நீலக்கோடு ஓடினால் லிம்மா. உடல் சாய்சதுரமாக, கண்களுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வளையங்கள் என்றால் அது நியோட்ரைகன் சாதி. அந்தச் சாதியில் குஹ்லி என்ற ஒரே பெயரை இந்து சமுத்திரம் முதல் பசிபிக் வரை எல்லாவற்றுக்கும் எழுதிக்கொண்டிருந்தார்கள், 2016இல் அதைப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள், 2018இல் இந்தியக் கடலில் உள்ளதற்கு நியோட்ரைகன் இண்டிகா என்று தனிப்பெயரும் வந்தது. ஆகவே படம் எடுத்த கடல் எதுவென்று தெரியாவிட்டால் நியோட்ரைகன் என்று சாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

பாகுபாட்டையும் எழுதுவதானால்: கசியிழைய (குருத்தெலும்பு) மீன்கள், மைலியோபாட்டிபார்மிஸ் வருணம் (order), டேசியாட்டிடே குடும்பம். ஆங்கில எழுத்தில் சாதிப்பெயருக்கு முதலெழுத்து பெரியது, இனப்பெயர் முழுக்கச் சிறியது. கையால் எழுதினால் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே அடிக்கோடு, ஒரே கோடாக இழுத்துவிட வேண்டாம். அப்புறம், மேலே பெரிதாகத் திருக்கை என்றும் பக்கத்தில் சிங்களத்தில் மடுவா என்றும் போடுங்கள். கடலையே பார்க்காத பிள்ளைகளும் திருக்கைக் கருவாட்டைச் சாப்பிட்டிருப்பார்கள்.