பழைய பிளேஸ்டேஷனில் லினக்ஸ்: வாசகர் கேள்விகள்

கே: செகண்ட் ஹேண்டில் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) வாங்கி, கணினி போல ஓட்ட லினக்ஸ் இயங்குதளம் போட ஆசை. எந்த மாடல் வாங்கலாம்?

ப: 2006 முதல் வந்த தடித்த மாடல். பிறகு வந்த மெலிந்த ‘ஸ்லிம்’ மாடலில் லினக்ஸ் போடும் வசதியே கிடையாது. காசு கொடுக்கும் முன் ஆன் செய்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) எண்ணைப் பாருங்கள். 3.15-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ‘லேட்டஸ்ட் அப்டேட் போட்டிருக்கேன் சார்’ என்று விற்பவர் பெருமையடித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கே: லினக்ஸ் நன்றாக ஓடியது. புது கேம் டிஸ்க் போட்டேன், லினக்ஸைக் காணோம்!

ப: அப்டேட் செய்யாதீர்கள், செய்யாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? அப்டேட் நெட் வழியாக மட்டும் வராது, டிஸ்க்கிலும் இருக்கும். திரையில் கேட்டதைப் படிக்காமல் ‘யெஸ்’ அழுத்தியிருக்கிறீர்கள். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 ஃபர்ம்வேர், லினக்ஸ் போட வழிவிட்ட ‘அதர் ஓஎஸ்’ வசதியைப் பிடுங்கியது. பிறகு வந்த எதிலும் அது திரும்பவில்லை. சாதாரண வழியில் பழைய எண்ணுக்கு இறங்க முடியாது. வெளியார் மாற்றியமைத்த கஸ்டம் ஃபர்ம்வேர் உண்டு. ஆனால் அதை ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி எதற்கும் உதவாத செங்கல்தான்.

தப்பு உங்களுடையது மட்டுமல்ல. 60 ஜிபி மாடலை 599 டாலருக்கு விற்றபோது, இது கணினியும்தான் என்றார்கள் சோனிக்காரர்கள். அந்த விலையிலும் கம்பெனிக்கு நஷ்டம். கேம் விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும். அமெரிக்க விமானப் படையோ சுமார் 1,700 பெட்டிகளைக் கோத்து சூப்பர் கம்ப்யூட்டர் செய்தது. அதில் எவர் கேம் வாங்குவார்? 2009-இல் ஸ்லிம் 299 டாலருக்கு வந்தபோது லினக்ஸைக் கழற்றினார்கள். சரி, விலை குறைந்தது. முழு விலை கொடுத்தவனிடமும் பிடுங்கியதுதான் அநியாயம். இதற்காக வாங்கியவர்கள் போட்ட வழக்கு 2018-இல் சமரசமானது, கிடைத்தது சில்லறை.

கே: ரேம் கூட்டலாமா?

ப: முடியாது, போர்டோடு பற்றவைத்தது. 256 எம்பிதான். வீடியோ மெமரியில் ஏறக்குறைய 240 எம்பியை ஸ்வாப்பாக்கினால் (ரேம் நிரம்பினால் தற்காலிகமாக வைக்கும் இடம்) கொஞ்சம் மூச்சு விடும். கிராஃபிக்ஸ் சிப்பை, லினக்ஸுக்கு மேல் உட்கார்ந்து காவல் காக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் தொடவிடாது, வீடியோ திக்கும்.

கே: லினக்ஸுக்கு 40 ஜிபி ஒதுக்குவது எப்படி?

ப: முடியாது. லினக்ஸுக்கு 10, மீதி கேமுக்கு. அல்லது கேமுக்கு 10, மீதி லினக்ஸுக்கு. பிரித்தால் டிஸ்க் முழுக்க அழியும். பேக்கப் எடுங்கள். அப்டேட் வேண்டாம்.

கே: என் பிஎஸ்2-வில் ஓடுமா?

ப: மாடல் எண் எழுதாமல் கேட்டால்? மெலிந்த மாடலென்றால் ஓடாது. பின்னால் டிஸ்க் பொருத்தும் இடமுள்ள தடித்த மாடலுக்குத்தான் 2002-இல் லினக்ஸ் கிட் வந்தது: 40 ஜிபி டிஸ்க், கீபோர்டு, மவுஸ் சேர்த்து 199 டாலர். அப்போது கன்சோல் விலையும் அதுதான்! பச்சை நிறச் சிக்னலிலேயே சிங்க் (படத்தை நிலைநிறுத்தும் நேரக் குறிப்பு) வாங்கும் மானிட்டர் வேண்டும். இல்லாவிட்டால் படம் வராது. கிட் பழுது என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.