அமெரிக்கக் காலேஜ் வளாகங்களில் போலீஸ் துப்பாக்கியோடு சுற்றுவது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா?

மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். சீட் கிடைத்திருக்கிறது, அங்கே கேம்பஸுக்குள்ளேயே போலீஸ் துப்பாக்கியோடு திரிகிறார்களாமே, அப்படித் திரியத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் கைக்கு வந்து, விசா நேர்காணலுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கும் வீடு என்று நினைக்கிறேன். சொந்தக்காரர் யாராவது ஒரு வீடியோவை அனுப்பிப் பயமுறுத்தியிருப்பார். அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளாகப் போலீஸிடம் துப்பாக்கி இருக்கட்டும். ஆனால் நடு ராத்திரியில் மனசு உடைந்துபோய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையைப் பார்க்க அந்தத் துப்பாக்கி வரக் கூடாது. அதற்கு வேறு ஆள் வர வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் ஊர் காலேஜ் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு இதை யோசிக்காதீர்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாகப் போலீஸ் துறையே உண்டு. அகாடமியில் பயிற்சி முடித்தவர்கள், கைது செய்யும் அதிகாரம் உள்ளவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே இது தொடங்கிவிட்டது. அமெரிக்க நீதித்துறை 2011-12-ல் எடுத்த கணக்குப்படி, 2,500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் நான்காண்டுக் கல்லூரிகளில் நான்கில் மூன்று பங்கு ஆயுதம் தாங்கிய அதிகாரிகளை வைத்திருந்தன. 2004-05-ல் இது 68 சதவீதம். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் 2007 வந்தது.

2007 ஏப்ரல் 16-ஐ எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒரு மாணவன். அதில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் காரட்டடிபாளையம்தான் அவருக்குச் சொந்த ஊர். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்கா போய், நீரியல் சொல்லிக்கொடுத்த மனுஷர். நாரிஸ் கட்டடத்தில் 206-ஆம் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். நானும் அந்த வட்டாரத்துப் பெண்தான். பேப்பரில் அவர் படம் வந்ததை எங்கள் அம்மா கத்தரித்து எடுத்து வைத்திருந்தார். சில வருஷம் கழித்து எனக்கு அட்மிஷன் வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்க போலீஸு இருக்குமா கண்ணு? துப்பாக்கி வெச்சிருப்பாங்களா?" வைத்திருப்பார்கள் என்றேன். அதன்பிறகுதான் அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

ஆனால் வர்ஜீனியா டெக் போலீஸ் அன்றைக்கும் துப்பாக்கி வைத்திருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. காலை ஏழேகால் வாக்கில் ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். போலீஸ் அதைத் தனிப்பட்ட தகராறு என்று நினைத்து, இறந்துபோன பெண்ணின் காதலனைத் தேடிப் போனது. மாணவர்களுக்கு முதல் எச்சரிக்கை மின்னஞ்சல் போனது 9:26-க்கு. கால் மணி நேரத்துக்குள் அவன் நாரிஸ் கட்டடத்துக்குள் போய் வாசல் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். அழைப்புப் போன மூன்று நிமிடத்தில் போலீஸ் வந்து சேர்ந்துவிட்டது. அவ்வளவு வேகமாக வந்தும், பூட்டை உடைத்து உள்ளே நுழைவதற்குள் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோனது.

அதைவிட எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. 2005-லேயே அவனை ஒரு நீதிபதி முன்னால் நிறுத்தி, மனநல சிகிச்சை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அவன் சிகிச்சைக்குப் போனானா என்று யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. அந்த உத்தரவு இருந்ததால் மத்தியச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கியே விற்றிருக்கக் கூடாது. ஆனால் தகவல் கடைக்காரர் சரிபார்க்கும் பதிவேட்டுக்குப் போய்ச் சேராததால் அவன் சுலபமாக வாங்கிவிட்டான். போலீஸ் இடுப்பில் இருந்த துப்பாக்கியால் லோகநாதன் சாரைக் காப்பாற்ற முடியவில்லை. மனநலத்துக்கு என்று ஒரு ஆள் அந்தப் பையன் பின்னாலேயே இருந்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

உடனே சிலர் வருவார்கள், "அப்ப போலீஸ் வெறுங்கையோடு நிற்கணுமா?" என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை. 2016 நவம்பரில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒருவன் காரைக் கூட்டத்துக்குள் விட்டு, இறங்கிக் கத்தியால் வெட்ட ஆரம்பித்தான். பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகப் போலீஸ் அதிகாரி ஓரிரு நிமிடத்தில் அவனைச் சுட்டு வீழ்த்தினார். காயம் பட்டவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். 2023 டிசம்பரில் லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று பேராசிரியர்களைக் கொன்றவனை நிறுத்தியதும் வளாகப் போலீஸ்தான். 2015-ல் ஆரிகனில் அம்க்வா கல்லூரியில் ஒன்பது பேர் செத்தபோது அங்கே இருந்த காவலரிடம் ஆயுதம் இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். எங்கள் சித்தப்பா ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். போலீஸ்காரர் வீட்டுக் கஷ்டம் தெரிந்துதான் பேசுகிறேன்.

இனி என் கதை. நான் படித்தது மிட்வெஸ்ட்டில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அறைத்தோழி விஜயவாடா பக்கத்துப் பெண், பிஎச்டி. கைடு திடீரென்று பணம் இல்லை என்று சொல்லி அடுத்த செமஸ்டருக்கு அவளுடைய உதவித்தொகையை நிறுத்திவிட்டார். அவள் அப்பா விவசாயி, ஏற்கெனவே கடன். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஜனவரி மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. ராத்திரி ஒரு மணிக்கு மேல் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கூப்பிட்டால் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

கவுன்சலிங் சென்டர் நம்பருக்குப் போட்டேன். அலுவலக நேரம் முடிந்துவிட்டது, அவசரம் என்றால் 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள் என்று பதிவு செய்த குரல் சொன்னது. அழைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வருவார்கள், ஒரு நர்ஸ், ஒரு டாக்டர் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலைத் திறந்து வைத்தேன். வந்தது வளாகப் போலீஸ், இரண்டு பேர். ஆம்புலன்ஸ் அப்புறம்தான் வந்தது.

முன்னால் வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பாத்ரூம் கதவை ஓங்கித் தட்டி, "போலீஸ்! வெளியே வா! கையைக் காட்டு!" என்று கத்தினார். வலது கை இடுப்பு உறையின் மேல் இருந்தது. உறையின் பொத்தானைக் கட்டைவிரலால் அவர் தள்ளிவிட்டதை நான் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தேன். கதவு திறந்தது. அவள் மேலே ஒரு சால்வை போர்த்தியிருந்தாள், இரண்டு கையும் அதற்குள்ளே. கையைக் காட்டச் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் எப்படி முன்னால் போய் நின்று விளக்கம் சொல்வோமோ அப்படி, "சார், சாரி சார், நான் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று அழுதுகொண்டே அவரை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தாள். அவர் பின்னால் நகர்ந்து மறுபடி கத்தினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தெலுங்கிலா, தமிழிலா, எதில் கத்தினேன் என்று தெரியவில்லை, "கையை வெளியே எடு, கையை வெளியே எடு" என்று கத்தினேன்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண் அதிகாரி, ஐம்பது வயசு இருக்கும். அவர் முன்னவர் தோளில் கைவைத்துப் பின்னால் அனுப்பிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து, அவள் பேரைக் கேட்டார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும். அவர் அன்றைக்கு ஷிப்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

ஆனாலும் விலங்கு போட்டுத்தான் கூட்டிப்போனார்கள். போலீஸ் கூட்டிப்போனால் அதுதான் விதியாம். அவள் கையில் அம்மா போட்டு அனுப்பிய இரண்டு மெல்லிய தங்க வளையல். விலங்கு பொருந்தவில்லை என்று வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுப் பூட்டினார்கள். பனியில் பாத்ரூம் செருப்போடு நடந்தாள். அக்கம்பக்கத்து அறைகளில் எல்லாம் ஜன்னல் திரை விலகியது. அதில் பாதி நம் ஊர்ப் பிள்ளைகள். அடுத்த வாரம் இந்தியர் கூட்டத்தில் ஒருவர்கூட அவளிடம் சரியாகப் பேசவில்லை. "போலீஸ் கேஸாமே" என்று என்னிடம்தான் விசாரித்தார்கள்.

நான் 911-ஐ அழைத்தது சரிதான். இன்றைக்கும் அதே நிலைமை என்றால் அழைப்பேன். அழைத்தால் யார் வருகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

எங்களுக்கு வாய்த்த மாதிரி இன்னொரு அதிகாரி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2017 செப்டம்பரில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஸ்கவுட் ஷுல்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், ஏற்கெனவே மன அழுத்தத்தோடு போராடியவர், தானே 911-க்கு அழைத்துத் தன்னைப் பற்றியே புகார் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றார். கையில் இருந்தது பல உபயோகக் கைக்கருவி. அதில் கத்தி விரிக்கப்படவே இல்லை. வளாகப் போலீஸ் சுட்டதில் இறந்துபோனார். அந்தப் போலீஸிடம் துப்பாக்கி இருந்தது. மின்னதிர்ச்சி கொடுக்கும் டேசர் அப்போது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வளாகத்துக்கு வெளியேயும் இவர்கள் அதிகாரம் நீளும். 2015-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ் ஒருவர், முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று சாமுவேல் டுபோஸ் என்பவரின் காரை நிறுத்தி, அந்தப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் தலையில் சுட்டுவிட்டார். போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எதிர்க்க எதிர்க்க 2014-ல் வளாகப் போலீஸுக்கு ஆயுதம் கொடுக்க முடிவெடுத்தார்கள். 2018-ல் மதுக்கடை வாசலில் சண்டையை விலக்கிவிட்டுக்கொண்டிருந்த ஒருவரை அந்தப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 2021-ல் துப்பாக்கி இல்லாமல் ரோந்து போக ஆரம்பித்தார்கள், 2023-ல் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று இப்படி மாறி மாறி முடிவெடுப்பதிலேயே பத்து வருஷம் ஓடிவிடுகிறது. ராத்திரி அழைப்புக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ராத்திரிக்கு அவளுக்கு ஆம்புலன்ஸ் பில் தனி, அவசரப் பிரிவு பில் தனி என்று வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் பல்கலைக்கழக இன்ஷூரன்ஸைக் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு செமஸ்டரும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அந்த ஆம்புலன்ஸ் தங்கள் பட்டியலில் இல்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். உதவித்தொகை போய் உடைந்தவளிடம் பணம் கேட்டுக் கடிதம் மேல் கடிதம். 2022-ல் எதிர்பாராத மருத்துவ பில்களுக்கு எதிராக வந்த மத்தியச் சட்டத்திலும் தரைவழி ஆம்புலன்ஸைச் சேர்க்கவில்லை. அதனால் உங்கள் மகளுக்கும் இது பொருந்தும். பாலிசி தாளில் ஆம்புலன்ஸ் வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ராத்திரி மனநல அழைப்பு வந்தால் யார் போவார்கள் என்று கேளுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2021-ல் மனநல ஆலோசகரும் காவலரும் சேர்ந்து போகும் குழுவைத் தொடங்கியது. அப்படி ஒன்று அங்கே உண்டா? போலீஸாருக்கு நெருக்கடி நேரத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா? 1988-ல் மெம்ஃபிஸில் தொடங்கிய 40 மணி நேரப் பயிற்சி அது, கேட்டால் அவர்களுக்குத் தெரியும். டேசர் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

மகளிடம் 988 என்ற எண்ணைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க வேலை செய்கிறது, ராத்திரி பகல் எப்போதும் மனநல ஆலோசகர் பேசுவார். 911-ஐ அழைக்க வேண்டி வந்தால், "ஆயுதம் எதுவும் இல்லை, உடம்பு முடியாத பெண், மனநல ஆள் வேண்டும்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். போலீஸ் முன்னால் கை வெளியே தெரிய வேண்டும், அவர்களை நோக்கி நடக்கக் கூடாது, அடையாள அட்டை எடுக்கிறேன் என்று பைக்குள் கைவிடக் கூடாது. கார் ஓட்டும்போது நிறுத்தினால் நம் ஊரில் மரியாதைக்கு இறங்கிப் போய்ப் பேசுவோம். அங்கே இறங்கவே கூடாது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்க வேண்டும். இதைப் போகும் முன்னால் வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

கிளெரி சட்டம் என்ற அமெரிக்க மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருஷா வருஷம் அக்டோபர் 1-க்குள் வளாகக் குற்றங்களின் கணக்கையும் போலீஸ் அதிகாரத்தின் எல்லையையும் வெளியிட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதுங்கள், அந்த அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன்.